விமானி இல்லாத விமானத்தில் ஏறலாமா?

விமானத்தைத் தானாகவே செலுத்தும் ஆட்டோபைலட் என்ற கருவியைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பு, எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்களை வரவழைத்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை வெவ்வேறு வழிகளில், விமானி இல்லாமலே விமானம் பறக்கலாமா என்ற ஒரே கேள்விக்கு வந்து சேர்கின்றன. எனவே இம்முறை வாசகர் கேள்விகள் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: விமானம் மேலே ஏறியதும் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு விமானிகள் காபி குடித்துக்கொண்டிருப்பார்கள் என்றும், இறக்குவதைக்கூட இப்போது கணினியே செய்துவிடுகிறது என்றும் என் மருமகன் சொல்கிறார். இதில் எவ்வளவு உண்மை?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: காபி உண்மைதான். மற்றதிலும் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. கருவி விமானத்தைச் சாயாமல் வைத்திருப்பது புதிய செய்தியே அல்ல. 1914 ஜூன் மாதம் பாரிஸுக்கு அருகே செய்ன் நதிக்கு மேலே பறந்த லாரன்ஸ் ஸ்பெர்ரி என்ற அமெரிக்க இளைஞர், சுழலும் சக்கரங்களால் ஆன நிலைநிறுத்தும் கருவியை நம்பி, கூடியிருந்தவர்கள் பார்க்க இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். உடன் வந்த மெக்கானிக் இறக்கையின்மேல் நடந்து சென்றபோதும் விமானம் நிலைகுலையவில்லை. 1965 ஜூனில் பிரிட்டனின் ட்ரைடென்ட் விமானம் ஒன்று, பயணிகளுடன் லண்டன் ஹீத்ரோவில் இறங்கும்போது, தரைதொடும் கடைசிக் கட்டத்தைக் கருவியின் பொறுப்பில் விட்டது. 1988 நவம்பர் 15 அன்று சோவியத் யூனியனின் புரான் விண்ணோடம், உள்ளே ஒரு மனிதர்கூட இல்லாமல் பூமியை இரண்டு முறை சுற்றிவிட்டு பைகானூர் ஓடுபாதையில் வந்து இறங்கியது. 2020-இல் ஏர்பஸ் நிறுவனம் தன் ஏ350-1000 விமானம் ஒன்றை, கேமராக்கள் பார்த்துப் புரிந்துகொண்ட காட்சியின் துணையோடு, தானே ஓடி, மேலெழும்பி, இறங்கவும் செய்து காட்டியது. அப்போது சோதனை விமானிகள் கண்காணித்தபடி இருக்கையில் இருந்தார்கள்.

ஆனால் நீங்களும் நானும் சீட்டு வாங்கி ஏறுகிற விமானங்களில், ஓடுபாதையிலிருந்து மேலெழுப்புவது இன்றும் விமானியின் கைதான். தரையிறக்கங்களிலும் மிகப் பெரும்பாலானவை கையால்தான் நடக்கின்றன. தானியங்கித் தரையிறக்கம் முக்கியமாக மூடுபனிக்கு உரிய ஏற்பாடு. அதற்கு விமானத்தில் கருவி இருந்தால் மட்டும் போதாது, ஓடுபாதையின் அருகிலிருந்து வழிகாட்டும் ரேடியோ கற்றைகளும் மிக உயர்ந்த துல்லியத்தோடு இருந்தாக வேண்டும். டெல்லியில் அந்த ஏற்பாடு இருக்கிறது. சென்னையில் போகிப் புகை சூழ்ந்த காலைகளில் விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் திருப்பி விடப்பட்ட செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். காற்றைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். ஏ320 வகை விமானத்தில் தானியங்கித் தரையிறக்கத்துக்கு அனுமதிக்கப்பட்ட பக்கக்காற்று 20 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர்; கையால் இறக்கும்போது 38 நாட் வரை இறக்கிக் காட்டப்பட்டிருக்கிறது. கண் தெரியாத இடத்தில் கருவி மேல். காற்று முரட்டுத்தனமாக மாறும் இடத்தில் மனிதர் மேல் என்பதுதான் இன்றைய நிலவரம். உங்கள் மருமகனிடம் இந்தப் பிற்பகுதியையும் சொல்லுங்கள்.

கேள்வி: விமான விபத்துகளில் பெரும்பான்மை விமானியின் தவறால் நேர்கின்றன என்று படிக்கிறோம். தவறு செய்பவரை அங்கிருந்து அகற்றிவிட்டால் விபத்தும் குறையும் அல்லவா?
– பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கணக்கேட்டில் செலவுப் பக்கம் மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. விமானி செய்த தவறு விபத்தாக முடிந்தால் அதற்கு விசாரணைக் குழு உண்டு, அறிக்கை உண்டு, இறந்தோர் எண்ணிக்கை உண்டு. கருவி செய்த தவறை விமானி கவனித்துத் திருத்திவிட்டால், பராமரிப்புப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவதோடு அது முடிந்துவிடும்; செய்தித்தாளுக்கு வராது, புள்ளிவிவரத்திலும் ஏறாது.

2018 அக்டோபர் 28 அன்று இரவு பாலித் தீவின் டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குப் புறப்பட்ட லயன் ஏர் நிறுவனத்தின் போயிங் 737 மேக்ஸ் விமானம் இதற்குச் சரியான சாட்சி. இறக்கையைக் காற்று எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று சொல்லும் உணரி தவறான அளவைக் கொடுக்க, எம்காஸ் என்ற மென்பொருள் அதை நம்பி விமானத்தின் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. அன்றைய கேப்டன், வால் சிறகை இயக்கும் மின்சார இணைப்பைத் துண்டித்துவிட்டு, அச்சிறகை அசைக்கும் சக்கரத்தைக் கையால் சுழற்றி, பயணிகளைப் பத்திரமாக ஜகார்த்தாவில் இறக்கினார். விமானி அறையான காக்பிட்டில் அன்று மூன்றாவதாக இன்னொரு விமானியும் இருந்தார். மறுநாள் காலை அதே விமானம், அதே கோளாறோடு, வேறு விமானிகளின் கையில் ஜாவாக் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். உலகம் அறிந்தது இரண்டாவது பயணத்தை மட்டும்தான். ஐந்து மாதம்கூட ஆவதற்குள், 2019 மார்ச் 10 அன்று, எத்தியோப்பியாவில் அதே மென்பொருளால் மேலும் 157 பேர் இறந்தார்கள்.

மனிதத் தவறுகள் இல்லையென்று சொல்ல வரவில்லை. 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் இறங்கவிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே கோல்ஃப் மைதானத்தில் மோதி 92 பேர் இறந்தார்கள். நம் நாட்டுக்கு அப்போதுதான் வந்திருந்த அந்த நவீன விமானம், இயந்திரங்களை மிகக் குறைந்த விசையில் வைத்து உயரத்தைக் குறைக்கும் நிலையில் இருந்தது. வேகம் குறைந்துகொண்டே போவதை விமானிகள் உரிய நேரத்தில் உணரவில்லை. 2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் ஏ330 விமானத்தில், வேகத்தை அளக்கும் பிட்டோட் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டன. ஆட்டோபைலட் உடனே விலகிக்கொண்டது. விமானத்தைக் கையில் எடுத்த துணை விமானி மூக்கை உயர்த்தினார். இறக்கை தூக்குவிசையை இழந்தது. வேகமானி ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டபோதும், என்ன நடக்கிறது என்பதைக் காக்பிட்டில் யாராலும் பிடித்துக்கொள்ள முடியவில்லை. நான்கு நிமிடம் சொச்சத்தில் 228 பேரும் அட்லாண்டிக் கடலில் மடிந்தார்கள்.

இந்த விபத்தை விமானிகள் வேண்டாம் என்பதற்கு ஆதாரமாகக் காட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அளவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட அந்த விநாடியில் முதலில் கைவிட்டது கணினி. மனிதர்கள் இல்லாத விமானமாக இருந்திருந்தால் அது யாரிடம் ஒப்படைத்திருக்கும்? வேகம் தெரியாவிட்டாலும் விசையையும் மூக்கின் சாய்வையும் மாற்றாமல் வைத்திருந்தால் விமானம் பறந்துகொண்டிருக்கும் என்பதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கலாம். போயிங் 787 வகையில் வேகத்தை வேறு அளவுகளிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளும் மாற்று வழி இருக்கிறது. ஆனால் தன் உணரிகளில் எது பொய் சொல்கிறது என்று கருவி எப்போதும் சரியாகக் கண்டுபிடிக்குமா? 2008 அக்டோபர் 7 அன்று சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்குச் சென்ற குவாண்டாஸ் ஏ330 விமானத்தில் அளவுகளைத் தரும் கருவிகள் மூன்று இருந்தன. ஒன்று மட்டும் அவ்வப்போது உளறியது. கணினி அந்த உளறலை நம்பி 37,000 அடி உயரத்தில் விமானத்தைத் திடீரென்று கீழ்நோக்கித் தள்ள, இருக்கை வார் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இரண்டாம் முறையும் தள்ளியது. விமானிகள் அருகிலிருந்த லியர்மந்த் விமான தளத்தில் இறக்கினார்கள்.

எனவே, விமானியால் எத்தனை விபத்து என்ற எண்ணைவிட, விமானி இல்லாதிருந்தால் எத்தனை விபத்து என்ற எண் முக்கியமானது. அந்த எண்ணை எவரும் எழுதி வைக்கவில்லை. அதை ஒழுங்காகத் திரட்டாத வரை, விமானியை அகற்றுவது பாதுகாப்பைக் கூட்டும் என்று சொல்வது நம்பிக்கைதானே தவிரக் கணக்கு ஆகாது என்பது என் கருத்து.

கேள்வி: இப்படிப்பட்ட அனுபவங்களையெல்லாம் கணினிக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்துவிட முடியாதா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: நடந்தவற்றைக் கற்றுக்கொடுக்கலாம். 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் யுனைட்டெட் நிறுவனத்தின் டிசி-10 விமானத்தின் வால் இயந்திரம் வெடித்துச் சிதறியபோது, விமானத்தைத் திருப்பும் பலகைகளை இயக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒருசேர அறுந்தன. மூன்றும் ஒரே நேரத்தில் போகாது என்று வடிவமைத்தவர்கள் நம்பியிருந்ததால் அதற்கான வழிமுறை எந்தக் கையேட்டிலும் இல்லை. பயணியாக வந்திருந்த டெனி ஃபிட்ச் என்ற, விமானிகளுக்குப் பயிற்சி தரும் விமானி காக்பிட்டுக்குள் வந்து, எஞ்சிய இரண்டு இயந்திரங்களின் விசையை மாற்றி மாற்றிக் கூட்டியும் குறைத்தும் விமானத்தைத் திருப்ப உதவினார். கேப்டன் அல் ஹேன்ஸும் மற்றவர்களும் அதைச் சூ சிட்டி ஓடுபாதை வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். விமானம் உடைந்து எரிந்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள்.

இதற்குப் பிறகு நாசா ஆய்வாளர்கள் அதே வித்தையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, 1995-இல் எம்டி-11 விமானம் ஒன்றை இயந்திர விசையை மட்டும் பயன்படுத்தி, மெத்தென்று தரையிறக்கிக் காட்டினார்கள். ஃபிட்ச் திணறித் திணறிச் செய்ததைக் கணினி அலட்டிக்கொள்ளாமல் செய்தது. கற்ற பின்பு கருவி மனிதரைவிடக் கெட்டி என்பதில் ஐயமில்லை. ஆனால் முதன்முறை, யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று நடந்தபோது, வழியைக் கண்டுபிடித்தவர்கள் அங்கே இருந்த மனிதர்கள். 

சிங்கப்பூரில் 2010 நவம்பர் 4 அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். 469 பேருடன் சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தின் இயந்திரம் ஒன்று வெடித்து, அதன் துண்டுகள் இறக்கையைத் துளைத்து ஏராளமான கம்பிகளை அறுத்தன. கணினித் திரையில் எச்சரிக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குவிந்தன. ரிச்சர்ட் டி கிரெஸ்பினி தலைமையில், தற்செயலாக அன்று காக்பிட்டில் இருந்த ஐந்து விமானிகள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தார்கள். தரையிறங்க எவ்வளவு நீளம் தேவை என்று கணக்கிடும் நிரல், இத்தனை கோளாறுகளையும் ஒன்றாகக் கொடுத்தபோது முதலில் விடையே தரவில்லை. விமானிகள் உள்ளீடுகளை ஆராய்ந்து, தேவையற்றவற்றை நீக்கி மீண்டும் கொடுத்தார்கள். ஓடுபாதையில் 100 மீட்டர் மீதமிருக்கும் என்று வந்தது. இறங்கிய பின்னும் எரிபொருள் ஒழுகிக்கொண்டிருந்தது, சக்கரங்களின் பிரேக்குகள் கொதித்தன, ஓர் இயந்திரம் அணைய மறுத்தது. அந்த நிலையிலும், அவசரச் சறுக்குகளில் பயணிகளை இறக்குவதைவிட உள்ளேயே வைத்திருப்பது ஆபத்து குறைந்தது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. விமானி என்றதும் நமக்கு நெம்புகோலைப் பிடித்த கை நினைவுக்கு வருகிறது. அன்று சிங்கப்பூரில் தேவைப்பட்டது கையைவிட நிதானம்.

கேள்வி: ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கினாரே சல்லென்பெர்கர், அதைக் கணினியால் செய்திருக்க முடியுமா?
– பள்ளி மாணவர், தஞ்சாவூர்

பதில்: சற்று எதிர்பாராத பதிலைச் சொல்கிறேன்: கணினி ஒருவேளை ஆற்றுக்கே போகாமல் இருந்திருக்கலாம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லகார்டியா நிலையத்திலிருந்து கிளம்பிய ஏ320 விமானம், 3,000 அடியைக்கூடத் தொடாத உயரத்தில் கனடா வாத்துக் கூட்டத்தில் மோதி இரண்டு இயந்திரங்களின் விசையையும் இழந்தது. பின்னர் சிமுலேட்டரில் விமானிகளை வைத்துச் சோதித்தபோது, மோதிய உடனேயே திரும்பியவர்களில் சிலர் லகார்டியாவில் இறக்கிவிட்டார்கள். நிலைமையைப் புரிந்துகொள்ள ஆகும் 35 விநாடிகளைச் சேர்த்துக்கொண்டு முயன்றபோது முடியவில்லை. கணினிக்கு 35 விநாடி தேவைப்படாது என்பது அதற்குச் சாதகம். ஆனால் இயந்திரங்கள் மீளவே மீளா என்று அது அந்தக் கணத்திலேயே தீர்மானித்திருக்க வேண்டும். அந்தத் தீர்மானம் தவறினால் விமானம் விழும் இடம் மன்ஹாட்டன். 155 பேரும் பிழைத்த ஒரு முடிவை வேறு எந்த முடிவோடு ஒப்பிட்டாலும் அது சிறியதாகத் தெரிய வாய்ப்பில்லை.

கேள்வி: டெல்லி மெட்ரோவில் ஓட்டுநர் இல்லாத ரயில் ஓடுகிறது, சென்னையிலும் வரப்போகிறது. விமானத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு தயக்கம்?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: ரயிலுக்குச் சந்தேகம் வந்தால் நின்றுவிடும். நின்ற ரயில் பாதுகாப்பான ரயில். நடுவானில் விமானத்துக்கு அந்த வசதி கிடையாது. என்ன கோளாறு வந்தாலும் அதைச் சுமந்துகொண்டே ஓர் ஓடுபாதை வரை போயாக வேண்டும்.

கேள்வி: விமானியே விமானத்தை மலையில் மோதிய சம்பவம் நடந்ததே. விமானிகள் மயங்கியும் விபத்து நடந்திருக்கிறது. இவற்றைக் கருவி தடுத்திருக்காதா?
– மருத்துவர், திருச்சிராப்பள்ளி

பதில்: தடுத்திருக்கலாம். விமானி இல்லாத விமானத்துக்காகப் பேசுகிறவர்களின் வலுவான வாதம் இதுதான், அதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் கேப்டன் வெளியே சென்றதும் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு, ஆட்டோபைலட்டில் உயரத்தை 38,000 அடியிலிருந்து 100 அடிக்கு மாற்றினார். கருவி ஒரு கேள்வியும் கேட்காமல் 150 பேரையும் ஆல்ப்ஸ் மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் விமானத்தில் காற்றழுத்தம் குறைந்து விமானிகள் நினைவிழந்தார்கள். ஆட்டோபைலட் அந்த விமானத்தைப் பிசகாமல் ஏதென்ஸுக்குக் கொண்டுசென்று, எரிபொருள் தீரும் வரை வட்டமடிக்கச் செய்தது; 121 பேர் இறந்தார்கள். உண்மையில் அது நெடுநேரம் விமானி இல்லாமல் பறந்த பயணிகள் விமானம்தான்.

அதன் பிறகு வந்த ஏ350 விமானத்தில், காற்றழுத்த எச்சரிக்கைக்கு விமானிகள் பதிலளிக்காவிட்டால் கருவியே விமானத்தைக் கீழே கொண்டுவரும் ஏற்பாடு இருக்கிறது. சிறிய விமானங்களுக்காகக் கார்மின் நிறுவனம் செய்த கருவி 2020-இல் அங்கீகாரம் பெற்றது. விமானி செயலிழந்தால் பயணி ஒரு பொத்தானை அழுத்த, அது தகுந்த விமான நிலையத்தைத் தானே தேர்ந்தெடுத்து, வானொலியில் அறிவித்து, இறங்கி, இயந்திரத்தையும் நிறுத்திவிடும். இத்தகைய காவல் கருவிகள் பெரிய விமானங்களிலும் பெருக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மலையை நோக்கிச் செல்லும் விமானியின் கட்டளையை மறுக்கும் அதிகாரத்தைக் கருவிக்குக் கொடுக்கும் இடத்தில். எம்காஸ் மென்பொருளும் விமானியின் இழுப்பை மீறித் தன் முடிவைத்தான் திணித்தது. கெட்ட விமானியை மறுக்கும் கருவிக்கும், நல்ல விமானியை மறுக்கும் பழுதடைந்த கருவிக்கும் வேறுபாட்டை உள்ளேயிருந்து சொல்வது கடினம். கடைசிச் சொல் யாருடையது என்பதில் போயிங், ஏர்பஸ் இரண்டும் நெடுங்காலமாக ஒரே விடையைத் தரவில்லை.

கேள்வி: ராணுவ டிரோன்களைப் போல, விமானிகள் தரையில் அமர்ந்தபடி ஓட்டலாமே?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: 2001-லேயே அமெரிக்காவின் குளோபல் ஹாக் என்ற ஆளில்லா விமானம் கலிபோர்னியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு இடைநில்லாமல் பறந்தது. தூரம் பிரச்சினை இல்லை; தொடர்புதான் பிரச்சினை. பூமியிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகச் சமிக்ஞை போய்ச் சேரக் கால் விநாடியும், பதில் திரும்பிவர இன்னொரு கால் விநாடியும் ஆகும். காற்று அடிக்கும்போது ஓடுபாதைக்கு மேலே இருபது அடியில் அந்த அரை விநாடி மிக நீண்டது. தாழ்வான செயற்கைக்கோள்களால் தாமதம் குறையலாம், ஆனால் தொடர்பே அறுந்தால் விமானம் தானாக முடிவெடுத்தாக வேண்டும். ஆகவே தரையில் விமானியை வைத்தாலும், விமானி இல்லாமலே சமாளிக்கும் திறமை விமானத்துக்கு இருந்தே தீர வேண்டும்.

இதோடு, போர் நடக்கும் பகுதிகளை ஒட்டிய வான்வெளியில் ஜி.பி.எஸ். சமிக்ஞையை மறைப்பதும், போலிச் சமிக்ஞை அனுப்பி விமானம் வேறெங்கோ இருப்பதாக நம்பவைப்பதும் வழக்கமாகிவிட்டன. கடலுக்கு மேலே பறக்கும்போது ‘தரை நெருங்குகிறது, மேலேறு’ என்று கருவி கத்தினால், ஜன்னலைப் பார்த்துவிட்டு அதைப் பொய் என்று ஒதுக்க இன்று ஆள் இருக்கிறார். இன்னொன்றும் உண்டு: தரையில் இருக்கும் விமானிக்கு விமானத்தோடு சேர்ந்து தன் உயிரும் போகும் என்ற நிலை இல்லை. இதை எண்ணாக மாற்ற முடியாது என்பதால் பொறியாளர்கள் பேசத் தயங்குகிறார்கள். பயணிகள் அதைத்தான் முதலில் நினைக்கிறார்கள்.

கேள்வி: இரண்டு பேருக்குப் பதில் ஒரு விமானி என்று முதலில் குறைக்கலாமே?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆட்களைக் குறைப்பது இத்துறைக்குப் பழக்கமானதுதான். 1950-களில் நெடுந்தூர விமானங்களில் கேப்டன், துணை விமானி, விமானப் பொறியாளர், வழிகாட்டுநர், வானொலி இயக்குநர் என்று ஐவர் இருந்தார்கள். கருவிகள் வர வர ஒவ்வொருவராக இறங்கினார்கள். விமானப் பொறியாளர் இல்லாமல் இருவரே பெரிய விமானத்தை ஓட்டலாமா என்ற தகராறு முற்றி, அமெரிக்க அதிபர் அமைத்த குழு 1981-இல் இருவர் போதும் என்று சொன்னது. அந்த முடிவு சரியென்றே காலம் காட்டியிருக்கிறது.

இருவரிலிருந்து ஒருவருக்கு இறங்குவது அதே படிக்கட்டின் அடுத்த படி என்று விமான நிறுவனங்கள் பேசுகின்றன. நான் அப்படிக் கருதவில்லை. இதுவரை குறைந்தவர்கள் வேலையைப் பகிர்ந்தவர்கள். இப்போது குறையவிருப்பவர் மற்றவரைச் சரிபார்ப்பவர். ஒரே விமானி இருந்தால், அவர் மயங்கினால் விமானம் தானாக இறங்க வேண்டும், அவர் மனம் பிறழ்ந்தால் அவரைத் தடுக்கவும் வேண்டும். அதே நேரத்தில் கருவி பழுதானால் அவர் தனியாக அதைக் கண்டுபிடித்து மீட்கவும் வேண்டும். இரண்டு பக்கத்து ஆபத்தும் சேர்ந்து வருகிற இந்த இடைநிலை, இரு விமானிகள் உள்ள இன்றைய ஏற்பாட்டைவிட மட்டுமல்ல, நன்கு நிரூபிக்கப்பட்ட முழுத் தானியங்கி விமானத்தைவிடவும் மோசமானதாக இருக்கக்கூடும். பறப்பின் நடுக்கட்டத்தில் மட்டும் காக்பிட்டில் ஒருவர் இருக்க, மற்றவர் ஓய்வெடுக்கலாமா என்று ஆராய்ந்த ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை, அது இன்றைய இருவர் முறைக்கு இணையான பாதுகாப்பைத் தரும் என்று போதுமான அளவு நிறுவ முடியவில்லை என 2025-இல் அறிவித்தது. ஓய்வறைக்குப் போவதற்கே இவ்வளவு தடை என்றால், ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: சட்டம் இதை அனுமதிக்கிறதா? விபத்து நடந்தால் யார் பொறுப்பு?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவு, ஒரு நாட்டின் சிறப்பு அனுமதி இல்லாமல் அதன் வான்வெளியில் விமானி இல்லாத விமானம் பறக்கக் கூடாது என்கிறது. ஆக, சட்டம் கதவை அடைக்கவில்லை. ஒவ்வொரு நாடும் திறக்க வேண்டும் என்கிறது. பன்னாட்டுப் பயணங்களில் இழப்பீட்டுக்கு விமான நிறுவனமே பொறுப்பு என்று 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை ஏற்கெனவே வகுத்திருப்பதால், பணத்தைப் பொறுத்தவரை பெரிய குழப்பம் வராது. கடினமானது அங்கீகாரம். பேரழிவை உண்டாக்கும் கோளாறு எதுவும் 100 கோடி பறப்பு மணிக்கு ஒரு முறைக்கு மேல் நேரக்கூடாது என்பது பெரிய விமானங்களுக்கான அளவுகோல். வரி வரியாகச் சரிபார்க்கக்கூடிய மரபான மென்பொருளுக்கு அந்த அளவுகோலைப் பொருத்தும் முறை இருக்கிறது. எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுக்கு அந்த முறை அப்படியே பொருந்தாது. ஏன் இப்படி முடிவெடுத்தாய் என்று கேட்டால் அதனிடம் வரி எண் இல்லை.

சிறியவை முன்னே போய்க்கொண்டிருக்கின்றன. சீனா 2023 அக்டோபரில் ஈஹாங் நிறுவனத்தின் இரு பயணிகள் அமரும், விமானி இல்லாத குறுந்தூர வானூர்திக்கு, அதன் வடிவமைப்பு பாதுகாப்பானது என்று ஏற்கும் வகைச் சான்று வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் ரிலையபிள் ரோபாட்டிக்ஸ் நிறுவனம், செஸ்னா கேரவன் என்ற சரக்கு விமானத்தை உள்ளே யாருமில்லாமல் பறக்கவிட்டது. பெரிய விமானங்களிலும் பார்சல்தான் முதலில் போகும், பயணி பிறகுதான் போவார் என்று எதிர்பார்க்கலாம்.

கேள்வி: நீங்கள் ஏறுவீர்களா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: 2017-இல் யு.பி.எஸ். வங்கி நடத்திய கருத்துக் கணிப்பில் 54 விழுக்காட்டினர் ஏறமாட்டோம் என்ற பக்கமும், 17 விழுக்காட்டினர் ஏறுவோம் என்ற பக்கமும் இருந்தார்கள். சரக்கு விமானங்கள் பல ஆண்டுகள் அப்படிப் பறந்து, கோளாறுகளும் மீட்புகளும் ஒளிக்கப்படாமல் வெளியிடப்பட்டிருந்தால் நான் ஏறுவேன். சீட்டு விலை குறைவு என்பதற்காக மட்டும் ஏறமாட்டேன்.

கேள்வி: என் மகன் விமானியாக விரும்புகிறான். பல இலட்சம் செலவாகும் படிப்பு. அவன் பயிற்சி முடிப்பதற்குள் அந்த வேலையே இல்லாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், சிவகாசி

பதில்: அந்தப் பயம் வேண்டாம், அம்மா. 2023-இல் இண்டிகோ ஒரே நேரத்தில் 500 விமானங்களுக்கும், ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆணை கொடுத்தன. இவை வந்து சேரவே பல ஆண்டுகள் ஆகும், வந்தபின் பல ஆண்டுகள் பறக்கும். ஒவ்வொன்றும் இரண்டு விமானிகளுக்காக வடிவமைக்கப்பட்டது. உங்கள் மகன் பணி ஓய்வு பெறும் வயதில் நிலைமை மாறியிருக்கலாம், ஆனால் அவர் வேலைக்குச் சேரும் வயதில் மாறியிருக்காது. வணிக விமானி உரிமத்துக்குக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உரிமம் பெற்றபின் குறிப்பிட்ட வகை விமானத்துக்கான பயிற்சிக்குத் தனியாகச் செலவு உண்டு என்பதைச் சில பயிற்சி நிலையங்கள் சேர்க்கையின்போது அழுத்திச் சொல்வதில்லை, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சுவது கணினியைவிட மருத்துவப் பரிசோதனையைத்தான். கண், காது, இதயம் ஆகியவற்றில் ஏதேனும் குறை இருந்து முதல் வகுப்பு மருத்துவத் தகுதி கிடைக்காமல் போனால், கட்டிய பணம் திரும்பாது. ஆகவே எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் முன்பணம் கட்டுவதற்கு முன்னால், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் மகனை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.